இடது மூலையில் முழந்தாளிட்டவள்

எங்கள் கோயிலின் பக்கப் பீடத்தில் ஒரு மாதா படம் இருக்கிறது. பலாப் பலகையில் எழுதியது. மாதா குழந்தையோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். இடது மூலையில், கீழே, ஒரு ஆணும் பெண்ணும் கைகூப்பி முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஆண் என் கணவர். பெண்ணுக்கு என் நெற்றி, என் கன்னம், என் உதடு. ஆனால் யாரைக் கேட்டாலும் அது அவருடைய முதல் மனைவி என்பார்கள். கேட்டவர்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

நான் கூரம் பக்கத்துப் பெண். பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். பாட்டன் காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தோம். எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவோம். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது. அறுபதுகளின் நடுவில் அங்கிருந்து என்னைக் கொண்டுவந்து பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை நாற்பதைத் தொட்டவர். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. நல்ல மனிதர் என்றார்கள். அதில் பொய்யில்லை. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், பேசவும் மாட்டார்.

அவருக்கு அட்டை குத்துகிற தொழில். பட்டுச்சேலைக் கரையில் வரும் மாங்காய், அன்னம், யாளி எல்லாவற்றையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்து நீள நீளமான அட்டைகளில் ஓட்டை போட வேண்டும். அட்டையைத் தறி மேலே கோத்துவிட்டால் ஓட்டைக்குத் தகுந்தபடி நூல் ஏறி இறங்கிப் பூ விழும். முன்னறையில் உட்கார்ந்து காலையிலிருந்து டொக் டொக்கென்று குத்திக்கொண்டே இருப்பார். சத்தம் நின்றால் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். தட்டு வைப்பேன். சாப்பிடுவார். கை கழுவிக்கொண்டு போவார். என்னைக் கூப்பிட வேண்டுமானால் "இந்தாம்மா" என்பார். எனக்கு ஒரு பெயர் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை.

முதல் மனைவியின் பெயர்தான் இருந்தது. எந்தப் பாத்திரத்தைத் திருப்பினாலும் விளிம்பில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருக்கும். சோறு வடிக்கும்போது என் விரல் அவள் பெயர் மேல்தான் இருக்கும். நான் சீராகக் கொண்டுவந்த இரண்டு குண்டான்கள் பரணுக்குப் போய்விட்டன. முன்னறைச் சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ தொங்கியது. சுவர் ஒழுகி, ஈரம் ஏறி, அவருக்குப் பாதி முகமும் அவளுக்கு வெறும் வெள்ளைப் பூஞ்சையும்தான் மிச்சம். அதை அவர் கழற்றவில்லை. முகமே இல்லாத ஒருத்தியோடு எப்படிப் போட்டி போடுவது என்று எனக்குப் புரியவில்லை.

தனிமை என்றால் ஆள் இல்லாமல் இருப்பது என்று கூரத்தில் இருந்தவரை நினைத்திருந்தேன். ஆள் பக்கத்து அறையில் இருக்கும்போது வருவதுதான் அசல் தனிமை. சில நாள் சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்டிருக்கமாட்டேன். உலையைப் பார்த்து "கொதிச்சுத் தொலையேன்" என்று சொன்னதுதான் அன்றைய பேச்சாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போவோம். வாசல் வரைக்கும்தான் சேர்ந்து. உள்ளே ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம்.

முதல் மனைவி ஒரு நேர்ச்சை வைத்திருந்தாளாம். பிள்ளை பிறந்தால் கோயிலுக்கு ஒரு மாதா படம் கொடுப்பதாக. பிள்ளையும் பிறக்கவில்லை, வேண்டிக்கொண்டவளும் போய்விட்டாள். பக்கப் பீடத்தில் இருந்த பழைய காகிதப் படத்தைக் கரையான் அரித்துவிட்டதாகச் சாமியார் பூசையில் சொன்ன அன்று, என் கணவர் எழுந்து போய், அந்தப் படத்தை நான் செய்து தருகிறேன் என்றார். வீட்டில் பேசாதவர் பீடத்தின் முன்னால் போய்ப் பேசியது எனக்கே ஆச்சரியம்.

சாமியார் இத்தாலிக்காரர். புத்தகத் தமிழ் பேசுவார். எங்களைத் தான் தங்கும் மேடையறைக்கு அழைத்து, ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவர் நாட்டில் பல நூறு வருடத்துக்கு முன்னால் மரப்பலகையில் எழுதிய படங்கள். மாதா, அர்ச்சியசிஷ்டர்கள் என்கிற புனிதர்கள், சம்மனசுகள் என்கிற தேவதூதர்கள். எல்லாப் படத்திலும் கீழே ஓரமாக யாரோ முழந்தாளிட்டிருந்தார்கள். சிலதில் பொம்மை அளவு. சிலதில் புனிதர்கள் அளவுக்கே வளர்ந்திருந்தார்கள்.

"இவர்கள் யார் சாமி?"

"படத்தைச் செய்வித்துக் கோயிலுக்குக் கொடுத்தவர்கள் அம்மா. தங்களையும் அதில் எழுதச் சொல்வார்கள். தாங்கள் இறந்த பிறகும் தங்களுக்காக யாராவது ஜெபிக்க வேண்டும் என்று."

"இத்தனை வருஷமா முட்டி போட்டுக்கினே இருக்காங்களே, வலிக்காதா?"

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை, ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் உற்றுப் பார்த்தேன். அந்தப் புருஷன் பெண்சாதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. மாதாவைக்கூட நேராகப் பார்ப்பதில்லை. எதிரே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்குப் பழகிய காட்சிதான்.

அடுத்த பக்கத்தில் ஒரு மனிதருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி தலைக்கு மேல் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்புச் சிலுவை. அது எதற்கு என்று கேட்டேன். அவள் இறந்தவள், மற்றவள் அவளுக்குப் பின் வந்தவள் என்றார் சாமியார். இருப்பவர்களையும் இறந்தவர்களையும் ஒரே வரிசையில் எழுதுவது அந்த நாட்டு வழக்கமாம், இறந்தவர்களுக்கு அடையாளமாகச் சிலுவை போடுவார்களாம். "உங்கள் மூவரையும் அப்படியே எழுதலாம்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையசைத்தார்.

மாதா மேல் பக்தி பொங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். இவருக்கு மனைவி நான்தான் என்று ஊர் பார்க்கிற ஒரு இடத்திலாவது இருக்க வேண்டும் என்று ஆசை. பின்வரிசையில், ஓரத்தில், பொம்மை அளவில் போட்டாலும் போதும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்தப் படத்தில் இருப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு கொட்டகையில் வேலை செய்த ஓவியரிடம் படத்தை ஒப்படைத்தோம். சாமி வாகனங்களுக்கு வர்ணம் அடிப்பவர், கடைப் பலகையும் எழுதுவார். ஐம்பது வயதிருக்கும். பலாப் பலகைகளைச் சேர்த்து, மேலே துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் சங்கைப்போல வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தார். அதில் கரிக்கோட்டால் அவர் போட்ட முதல் கோலத்தைப் பார்க்க நாங்கள் போனபோது என் நாத்தனாரும் கூட வந்தார். என் கணவருக்கு அக்கா. ஐயம்பேட்டையில் இருந்தார். தம்பியை வளர்த்தவர், நினைத்ததைச் சொல்லிவிடுபவர்.

பலகையில் மாதாவின் கீழே என் கணவர் நடுவில் இருந்தார். அவருக்கு வலது பக்கம் ஒரு பெண், இடது பக்கம் ஒரு பெண்.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "இன்னாது இது, குமரக்கோட்டமா? எந்தம்பி கையில ஒரு வேல் குடுத்துடு, ஒரு மயிலையும் நிக்க வை, காவடி எடுத்துக்கினு வரேன்."

ஓவியர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு சம்சாரம்னா கை தானா அப்படித்தான் போவுதும்மா. ஆயுசெல்லாம் அப்படியே எழுதிப் பழக்கம்."

இரண்டு பேரையும் பின்னால் தள்ளிப் போடட்டுமா என்று கேட்டார். எங்கே போட்டாலும் இந்த ஊரில் முருகன் வள்ளி தெய்வானை என்றுதான் சொல்வார்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்றார் நாத்தனார். ஒருத்திதான் என்று ஆனது. எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டிக்கினவ அவதானே" என்றார்.

நியாயம்தான். அவள் நேர்ச்சை, அவள் படம். அதில் ஒரு குறை சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்துவிட்டேன். எனக்கு எப்போதும் கைவசம் இருப்பது அதுதான்.

"அப்ப அவங்க போட்டோ குடுங்க" என்றார் ஓவியர். கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினோம். பூஞ்சையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாமின்னா பாக்காமயே எழுதுவேன், அதுக்குக் கணக்கு இருக்குது. மனுஷங்களுக்கு ஆள் வேணும் ஐயா. யாராச்சும் அதே மாதிரி முட்டி போட்டு உக்காந்தா கையும் புடவையும் பாத்து எழுதிக்கிறேன். மொகத்த மட்டும் நீங்க சொல்லுங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். "நீ உக்காரியா?"

அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய கல்யாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அரக்குப் பட்டு. கரையில் ஓடிய மாங்காய்க்கு அவரே அட்டை குத்தியிருந்தார். பாச்சா உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. அதைக் கட்டிக்கொண்டு கொட்டகையில் ஒரு கோணியின் மேல் முழந்தாளிட்டேன். மூலையில் பாதி வர்ணம் பூசின குதிரை வாகனம் ஒன்று என்னையே முறைத்துக்கொண்டு நின்றது. கணவர் துணைக்கு வந்து ஒரு முக்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இப்படியே பல மத்தியானங்கள் போயின.

ஓவியர் என்னைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், மறுபடி என்னைப் பார்ப்பார். "தாடைய கொஞ்சம் தூக்கும்மா" என்பார். "மூச்சு விடலாம்மா, அதுக்கொண்ணும் தடை இல்ல" என்பார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு மனுஷர் என்னை அப்படி நிறுத்திப் பார்த்ததில்லை. வேலைக்காகப் பார்க்கிறார் என்று தெரியும். இருந்தாலும் அந்த மத்தியானங்களுக்காகக் காத்திருந்தேன். கால் மரத்துப் போனதைக்கூட வெளியில் சொல்லவில்லை.

கையும் சேலையும் முடிந்து முகத்துக்கு வந்தார். நாத்தனார் சொன்ன அடையாளத்தை வைத்து முதலில் எழுதினார். நீள முகம், எடுப்பான மூக்கு, மெல்லிய உதடு. என் கணவரை அழைத்துக் காட்டினார்.

"இல்ல" என்றார் இவர்.

"வேற எப்படி இருக்கணும் ஐயா?"

இவர் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடிக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தார், கோணி மேல் இருந்த என்னைப் பார்த்தார். "கன்னம் இன்னும் கொஞ்சம் உருண்டையா இருக்கும்" என்றார்.

ஓவியர் துடைத்துவிட்டு எழுதினார். மறுநாள் கண் இத்தனை நீளம் இல்லை என்றார் இவர். அதற்கு மறுநாள் நெற்றி குறுகலாக இருக்கும் என்றார். உதடு தடிப்பாக இருக்கும் என்றார். ஒவ்வொன்று சொல்லும்போதும் முதலில் கண்ணை மூடுவார், திறந்து என்னைப் பார்ப்பார், பிறகு சொல்வார். அவர் சொல்லச் சொல்ல ஓவியரின் தூரிகை தயங்கியது. என்னை ஒரு முறை, அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதினார்.

கடைசி நாள் இவர் பலகையின் முன்னால் நின்று, "இதான். இவதான்" என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரிக்‌ஷா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

நான் கோணியிலிருந்து எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தேன். நான் இருந்தேன். அரக்குப் பட்டில், கைகூப்பி, என் கணவர் பக்கத்தில்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்றார் ஓவியர், தூரிகையைக் கழுவிக்கொண்டே. "அவரு சொன்ன மாதிரிதான் எழுதினேன்."

சாமியார் வந்து பார்த்தார். மாதா கொஞ்சம் காமாட்சி சாயலில் இருக்கிறாளே, கையில் கரும்பு இல்லாததுதான் குறை என்று கிண்டல் செய்தார். பிறகு இறந்தவருக்குச் சிலுவை போட மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓவியர் மெல்லிய தூரிகையை எடுத்து என் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு சின்னச் சிலுவை போட்டார். உயிரோடு பக்கத்தில் நின்று அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் படத்தை மந்திரித்துப் பீடத்தில் வைத்த அன்று அவளை அறிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "அப்படியே அவங்களேதான்" என்றார்கள். "மொகத்துல அந்தச் சாந்தத்தப் பாரு" என்றார்கள். எனக்குச் சாந்தம் இருப்பதாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை. நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முழங்கையைப் பிடித்து மணிக்கூண்டுப் பக்கம் இழுத்துப் போனார்.

"எந்தம்பிக்கு அவ மொகம் மறந்து போச்சுடி. அவனுக்கே அது தெரில. சொல்லிடாத, தாங்கமாட்டான்."

சொல்லவில்லை. ஊரெல்லாம் பார்க்கிற இடத்தில் அவர் பக்கத்தில் நான் இருந்தேன், ஆசைப்பட்டபடியே. ஆனால் அது நான் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அவருக்கு முக்கியமாகத் தெரியக் கூடாது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அட்டை வேலையை முடித்துக்கொண்டு கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். ஜெபம் செய்யப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கோயிலில் யாரும் இல்லை. பக்கப் பீடத்தின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"இன்னிக்கி கத்திரிக்கா கொழம்பு வச்சா. நல்லா இருந்துச்சு. சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல."

சாய்ந்திருந்த மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தார்.

"சின்னப் பொண்ணு. அவங்க வூட்ல எல்லாரும் கலகலன்னு பேசிக்கினே இருப்பாங்க. இங்க வந்து மாட்டிக்கினு இருக்குது. எனக்கு இன்னா பேசறதுன்னே தெரில. நீ இருந்தா எதாச்சும் சொல்லிக் குடுப்ப."

என் முகத்திடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமா, சந்தோஷமா, எதுவென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சத்தமில்லாமல் வெளியே வந்து, நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன். குடை கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மழை இல்லாத நாளிலும் குடையோடு போனேன். பகல் முழுக்க வராத பேச்சு அங்கே வந்தது. கட்டம் போட்ட தாளில் எவனோ மயிலுக்குக் கால் போட மறந்த கதையைச் சொல்வார். முழங்கால் வலியைச் சொல்வார். என்னைப் பற்றி ஏதாவது ஒன்று தினமும் இருக்கும். அவர் குரல் நல்ல குரல் என்று தூணுக்குப் பின்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் சொன்னார்: "அவளைப் பேரு சொல்லிக் கூப்டணும்னு இருக்குது. வாயத் தெறந்தா உம்பேரு வந்துடுமோன்னு பயமா இருக்குது. அதான் இந்தாம்மா, இந்தாம்மான்னுக்கினு இருக்கேன்."

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. தூணைவிட்டு வந்து, ஆண்கள் பக்கம் போய், அவர் பக்கத்தில் முழந்தாளிட்டேன். பழகிப்போன நிலை, தாடை தானாகத் தூக்கிக்கொண்டது. அவர் திரும்பினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எழுந்து, வாசலில் இருந்த செருப்பைக்கூடப் போடாமல் நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனபோது படத்தில் என் தலைக்கு மேல் சிலுவை இல்லை. அந்த இடத்தில் நீலம் புதிதாக இருந்தது. ஓவியரிடம் ஓடினேன்.

"ஐயாதாம்மா வந்து அழிக்கச் சொன்னாரு. உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்கு சிலுவைன்னாரு."

அன்று திரும்பி வந்த வழியில் கால் தரையில் பாவவில்லை. பூக்காரியிடம் மல்லிகை வாங்கி நானே வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் பேசுவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று என் பெயரை எனக்குள்ளே அவர் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கூப்பிடவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், முன்னறைக்குப் போனார். சாயங்காலம் கோயிலுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. விளக்கு வைத்த பிறகும் அட்டை குத்தும் சத்தம் கேட்டது. ஒரு முறை சத்தம் நின்றபோது எட்டிப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவைக் கழற்றி மடியில் வைத்து, பூஞ்சையைத் துண்டு நுனியால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அவள் முகம் போய்விட்டது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. பேசுவதற்கு இருந்த ஒரே ஆளும் போய்விட்டாள். எனக்கு இடம் கொடுத்தார், சரி. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் அவருக்குப் பேச வரவில்லை. வீட்டிலும் நான், கோயிலிலும் நான். மனுஷர் எங்கேதான் போவார்?

வாரக்கணக்கில் பொறுத்துப் பார்த்தேன். தட்டில் பாதிச் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. ஒரு காலை ஓவியரிடம் போய், சிலுவையைத் திரும்பவும் போட்டுவிடுங்கள் என்றேன்.

"எழுதினா அழிங்கிறீங்க, அழிச்சா எழுதுங்கிறீங்க. இது இன்னாம்மா, சிலேட்டா?" என்று முணுமுணுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தியாகம், பதிவிரதை என்றெல்லாம் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அவர் குரலைக் கேட்க எனக்கு வேறு வழி இல்லை. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம், "கோயிலுக்குப் போய்ட்டு வாங்களேன்" என்றேன். போனார். கொஞ்சம் விட்டு நானும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். பீடத்தின் முன்னால் நின்று சிலுவையை வெகுநேரம் பார்த்தார். பெண்கள் பக்கம் மெதுவாகத் திரும்பினார். தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். என் சேலை நுனி வெளியே தெரிந்திருக்க வேண்டும். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், தொண்டையைக் கனைத்தார், பேசத் தொடங்கினார். முன்பெல்லாம் தனக்குள் பேசுவதுபோல இருக்கும். இப்போது கொஞ்சம் குரலை உயர்த்தி, தூண் வரைக்கும் வருகிற மாதிரி பேசினார்.

"அவளுக்குச் செருப்பு அறுந்துக்கினு இருக்குது. வாங்கணும்" என்றார். இரண்டு நாளில் வாசலில் புதுச் செருப்பு இருந்தது. "முருங்கக்கீர சாப்ட்டு ரொம்ப நாளாச்சு" என்றால் மறுநாள் நான் கீரை ஆய்வேன். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் "இந்தாம்மா" என்பார், நான் தட்டு வைப்பேன். எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு நாள் அங்கே என் பெயரைச் சொன்னார். படத்தைப் பார்த்து, ஏதோ நெல்லூர் அரிசியைப் பற்றிய பேச்சுக்கு நடுவில், தெளிவாகச் சொன்னார். தூணுக்குப் பின்னால் நான் "ம்" என்றேன். கேட்டிருக்காது.

எழுபதுகளின் கடைசியில் அவர் இறந்தார். மார்பு வலி, ஒரே நாள். ஓவியருக்கு அப்போது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. இருந்தும் வந்து, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலும் ஒரு சிவப்புச் சிலுவை போட்டுக் கொடுத்தார்.

புதிதாகக் கோயிலுக்கு வருகிறவர்கள் படத்தைக் காட்டிக் கேட்பார்கள். "ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க, பாவம்" என்று யாராவது சொல்வார்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் யாரும் இல்லாதபோது அவரிடம் பேசலாம் என்றுதான் போகிறேன். சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. முன்னறைக் கூரை ஓடுகளை மாற்றியதைச் சொல்லலாம், அட்டை குத்தும் சத்தம் இல்லாமல் எப்போது சாப்பிடுவது என்றே தெரியாததைச் சொல்லலாம். வாயைத் திறந்தால் அவர் பக்கத்தில் என் முகத்தோடு ஒருத்தி முழந்தாளிட்டிருக்கிறாள். அவரிடம் பேசவும் அவர் பேசுவதைக் கேட்கவும் அவளுக்குத்தான் தெரியும். பேசட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து வருகிறேன். வந்து, அவள் பெயர் வெட்டின பாத்திரத்தில், ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன்.